ஏழு மணிப் போட்டோ

“சந்திர சூரியர் உள்ள மட்டும் டிவி இருக்கும். செய்தியைப் போன்ல பார்க்கறவன், இலை போட்டுச் சாப்பிடற ஓணசத்யா விருந்தைச் சாயா கிளாஸ்ல வாங்கித் திங்கறவன்!” என்று சானல் அலுவலகத்தில் சக ஊழியர்களிடம் முழங்கினார், காலைச் செய்தி வாசிக்கும் லக்ஷ்மிநாராயணன்.

பார்வையாளர் குறைந்ததால், சானலின் ஆட்குறைப்புப் பட்டியல் திங்களன்று வரவிருந்தது.

“இன்னிக்கு ஏழு மணிச் செய்தி ஓடறச்சே, அவாவா வீட்டு டிவியைப் போட்டோ எடுத்து ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்புல போடணும். நம்ம விசுவாசம் மேலிடத்துக்குத் தெரியட்டும்.”

“எல்லாருமா, சேட்டா?” என்று இழுத்தான் கேமராமேன் சுதீர்.

“போடாதவன் துரோகி!”

மாலையில் மட்டாஞ்சேரி வீட்டில் ரிமோட்டை அழுத்தினார். திரை கறுப்பாகவே இருந்தது.

“ஜெயம், கேபிள் என்னாச்சு?”

“நன்னாருக்கு! மார்ச்லயே நீங்கதானே நிறுத்தினேள்? எல்லாம் போன்லயே பார்த்துக்கறேன்னேளே!” என்றாள் மனைவி.

ஏழானதும் லக்ஷ்மிநாராயணன் மனைவியின் போனில் சானலை ஓடவிட்டு, டிவிமேல் சாய்த்து, தன் போனால் நெருக்கத்தில் படமெடுத்து குரூப்பில் போட்டார். அப்புறம்தான் கவனித்தார்: படத்தின் மூலையில் ‘பேட்டரி 14%’.

அதை அழிக்கப் போனவர் மற்றவர்களின் படங்களைப் பார்த்தார். சுதீர் வீட்டு டிவியில் பேட்டரி 62%. எடிட்டர் அம்ருதா வீட்டு டிவியில் 38%. பட்டியல் போடும் மேலாளர் வீட்டு டிவியில் வெறும் ஒன்பது.

லக்ஷ்மிநாராயணன் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டைவிரலைப் போட்டார். பிறகு மனைவியின் போனைச் சார்ஜில் செருகி, சாயா கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு, மீதிச் செய்தியைப் பார்க்க உட்கார்ந்தார்.