நோரீனின் கழுத்து

கண் தெரியாதது என் கணவன் வெண்டலுக்கு. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போக்கர் மேசையில் உட்கார்ந்திருப்பது நான்.

வெண்டலுக்கு வரும் இரண்டு சீட்டுகளையும் ஓரம் தூக்கிப் பார்த்து அவன் காதில் சொல்வது என் வேலை. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக விழும் சீட்டுகளை, சீட்டுப் போடும் டீலர் ரோண்டா அவனுக்காக உரக்கச் சொல்வாள். நான் யோசனை சொல்லக் கூடாது. சீட்டை மட்டும்தான் சொல்லலாம்.

ஆனால் என் கண் சும்மா இருக்காது. நல்ல சீட்டைப் பார்த்தால் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் கண்ணாடி.

கண்ணாடி கழுத்தை மறைக்காது என்பதை எதிரில் இருந்த கோல்பி காலையிலேயே கண்டுபிடித்துவிட்டான்.

இருபத்தைந்து வயதுப் பயல். தன் சீட்டைப் பார்க்கிறானோ இல்லையோ, ஆட்டத்துக்கு ஆட்டம் பந்தயத்தை ஏற்றுவான். ஏற்றிவிட்டு என் கழுத்தைப் பார்ப்பான். சந்தோஷம் வந்தால் அது சிவந்துவிடும், சின்ன வயதிலிருந்தே அப்படி. சிவந்திருந்தால் நல்ல பிள்ளையாக விலகிக்கொள்வான். இல்லாவிட்டால் விரட்டு விரட்டென்று விரட்டுவான்.

இடைவேளையில் வெண்டலிடம் சொன்னேன். "அந்தப் பய உன்னப் பாத்து ஆடல. என் கழுத்தப் பாத்து ஆடறான். ஸ்கார்ஃப் ஏதாவது சுத்திக்கட்டுமா?"

"வேணாம், இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவன் சாண்ட்விச்சைத் தொடர்ந்து மென்றான். எனக்கு அது விசித்திரமாகத்தான் இருந்தது.

இன்று முதலாவதாக வந்தால் கோடையின் பெரிய போட்டியில் வெண்டலுக்கு ஒரு நாற்காலி. பார்வை போனதற்குப் பிறகு அவன் ஆசைப்பட்டது அதற்கு மட்டும்தான். என் ஆசை வேறு. இந்த வேகாத வெயிலைவிட்டு, மழை ஓயாத அஸ்டோரியாவில், அக்கா மாவிஸ் வீட்டுப் பக்கத்தில் போய் இருக்க வேண்டும். லாஸ் வேகஸை விட்டு நகர மாட்டேன் என்று அவன் சொல்லிச் சொல்லி, நானும் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

சீட்டு வந்தது. ஆர்ட்டின் ஏழு, ஆர்ட்டின் ஆறு. காதில் சொன்னேன். கோல்பி ஏற்றினான், வெண்டலும் கூடப் போட்டான்.

"ஆர்ட்டின் ராணி, கிளாவர் பத்து, ஆர்ட்டின் ரெண்டு" என்றாள் ரோண்டா.

வெண்டலுக்கு நான்கு ஆர்ட்டின் ஆகிவிட்டது. இன்னும் ஒன்று வந்தால் ஐந்தும் ஒரே இனம், அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. வராவிட்டால் கையில் ஒன்றுமே இல்லை. நடுவில் விழ இன்னும் இரண்டு சீட்டு பாக்கி. மூன்று தடவையில் ஒரு தடவை வந்தால் அதிகம்.

கோல்பி ஒரு குவியல் பந்தயச் சில்லுகளை முன்னால் தள்ளினான். "சீக்கிரம் பெரியவரே, மாத்திரை போடற நேரமாச்சு."

"உனக்கும் ஒண்ணு தரேன் தம்பி, தேவைப்படும்" என்றான் வெண்டல்.

மேசை சிரித்தது. கோல்பி சிரிக்காமல் என் கழுத்தைப் பார்த்தான். அது வெளுத்துப்போய்க் கிடந்தது எனக்கே தெரியும்.

இந்த மாதிரி ஆளிடம் அரைகுறைக் கையோடு பின்னாலேயே போய்க்கொண்டிருந்தால் மொட்டையடித்துவிடுவான். முந்திக்கொண்டு எல்லாவற்றையும் தள்ளி, அவனைப் பயப்பட வைக்க வேண்டும். ஆனால் என் கழுத்து இப்படி இருக்கும்போது யார் பயப்படுவார்கள்?

"இன்னொரு தடவ பாத்துச் சொல்லு நோரீன்" என்றான் வெண்டல், எல்லோருக்கும் கேட்கும்படி.

ஓரம் தூக்கினேன். அதே ஏழு, அதே ஆறு. குனிந்து அவன் காதருகே போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் என் காதில் ஒன்று சொன்னான்.

முதலில் காது மடல் சுட்டது. அப்புறம் கழுத்து. சூடு நெஞ்சுவரை இறங்கியது. கண்ணாடிக்குள் கண் நிறைந்துவிட்டது.

"மொத்தமும்" என்று வெண்டல் தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் தள்ளினான்.

கோல்பி என் கழுத்தையே வெகுநேரம் பார்த்தான். அவன் சரி என்று சொல்லி, ஆர்ட்டினும் வராவிட்டால் வெண்டலின் நாற்காலி போயிற்று. அந்தக் கவலைகூட அப்போது எனக்கு இல்லை. நான் அந்த மேசையிலேயே இல்லை.

கடைசியில் அவன் தன் சீட்டுகளைத் திறந்து காட்டி வீசினான். "ரெண்டு ராஜாவக் கீழ போடறேன் பெரியவரே. வாய் பொய் சொல்லும். உங்க சம்சாரம் கழுத்து சொல்லாது."

ரோண்டாவின் கைகூட ஒரு கணம் நின்றுவிட்டது.

அடுத்த இடைவேளையில் வெண்டல் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.   ஸ்லாட் மெஷின்களின் சத்தம் குறைந்த இடத்தில் நின்றேன்.

"நெஜமாத்தான் சொன்னியா?"

"என்னத்த?"

"வீட்ட வித்துட்டு மாவிஸ் ஊருக்கே போயிடலாம்னு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். 

"என் கழுத்து செவக்கணும்னுதான் சொல்லியிருக்கே."

"ஆமா" என்றான்.

முழங்கையை உதறிக்கொண்டேன். அவன் கை காற்றில் துழாவி, என் தோளைத் தொட்டு, கழுத்தில் வந்து நின்றது. அது இன்னும் சூடாகத்தான் இருந்தது.

"ரெண்டு ராஜா வச்சிருந்தவன் நோரீன்" என்றான் மெதுவாக. "அவனே பயந்துபோற அளவுக்கா செவந்துது? அங்க போக அவ்ளோ ஆசையா உனக்கு?"

ஆட்டக்காரர்கள் எல்லோரும் திரும்பி வரச்சொல்லி ஒலிபெருக்கியில் அழைத்தார்கள். வெண்டல் நகரவில்லை.