கணவன் பேசும் வசனம்

பல்கலைக்கழக நகல் கடையில் இயந்திரத்தின் பச்சை வெளிச்சம் ஓடி ஓடித் திரும்புகிறது. கல்யாணத்துக்குப் பிறகு இங்கே படிக்க வந்த தன் மனைவி எழுதிய நாடகத்தைத்தான் கடைக்காரன் நகலெடுக்கிறான். வாசலில் ஒத்திகை. கணவனாக நடிக்கும் சுருட்டைமுடிக்காரன், மனைவியாக நடிக்கும் அவள் தலைக்கு மேல் குடை பிடிக்கிறான். "மழை வந்தா வாசல்லயே நில்லு. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்!" தோழிகள் கைதட்டுகிறார்கள், அவள் கன்னம் சிவக்கச் சிரிக்கிறாள். கடைக்காரன் திரும்பிப் பார்க்கிறான். காலையில் வீட்டில் அவன் அவளிடம் சொன்ன அதே வார்த்தைகள். அப்போது செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இன்னொரு தடவை சொல்லுடா, சூப்பர்!" என்கிறாள் ஒருத்தி. சூடான தாள்களைத் தட்டி அடுக்கியபடியே அவன் வாய் திறக்கிறது. "தம்பி, அவ்வளவு சத்தம் வேண்டாம். அவ செருப்பு மாட்டிக்கிட்டிருப்பா. குனிஞ்சு, அவ காதுக்கு மட்டும் சொல்லணும்." கைதட்டல் நிற்கிறது. அவன் மனைவி தாளால் முகத்தை மூடிக்கொள்கிறாள்.