ஒரே திசை பார்த்த இருக்கைகள்

வள்ளத்தைக் கண்டதும் றோசம்மா ஒரு அடி பின்வாங்கினாள்.

பயத்தினால் அல்ல. அதிலிருந்த இரண்டு இருக்கைகளும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஹனோவர் நகரத்து ஏரியில் வாடகைக்கு விடும் படகில் ஆளும் ஆளும் முகத்துக்கு முகம் பார்த்துத்தான் இருப்பார்கள். அதை மனதில் வைத்துத்தான் அவள் இத்தனை திட்டமும் போட்டாள். வருடா வருடம் பூங்காவில் இறைச்சி வாட்டித் தின்றுவிட்டு வருகிற தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களின் ஒன்றுகூடலை, வடக்கே இந்தத் தீவுகள் நிறைந்த ஏரிக்கு இழுத்து வந்தவளே அவள்தான். இந்த ஜெர்மன்காரர் கனு என்று சொல்கிற வள்ளத்தில், பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரின் பின்னந்தலையை மட்டும் பார்க்கலாம்.

பின்னந்தலையைப் பார்த்துச் சம்மதம் சொன்ன மாப்பிள்ளை எந்த ஊரில் இருக்கிறான்?

மகள் லவினியா பெண் பார்க்கும் கதை எடுத்தாலே தலையிடி என்று படுத்துவிடுகிறவள். அப்படி மூன்று மாப்பிள்ளைகள் வந்த வழியே போய்விட்டார்கள். நாலாவது றெக்ஸ், மன்னார்ப் பெடியன், பொறியியல் படித்து நல்ல வேலையில் இருப்பவன். தரகு பார்க்கிற மக்டலீன் அக்கா சாடையாகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, றோசம்மாவே விசாரித்துக் கண்டெடுத்தவன். என் பிள்ளைக்கு நான் பார்க்கிற மாப்பிள்ளைதான் என்று எல்லாக் கலியாண வீட்டிலும் சொல்லி வைத்தவள் அல்லவா!

இவனும் தட்டிப்போனால் பிள்ளை தனியாகவே இருந்துவிடுமோ என்ற பயம் அவளுடைய நித்திரையைத் தின்றுகொண்டிருந்தது. ஆகவே, பெண் பார்ப்பது என்று தெரியாமலே பெண் பார்த்து முடித்துவிடலாம் என்று நினைத்தாள்.

இனி யோசித்துப் பயனில்லை. மற்றவர்களைப் பிடித்துப் பிடித்து வள்ளங்களில் ஏற்றினாள். கடைசியில் ஒரு வள்ளமும், லவினியாவும், றெக்ஸும் மிஞ்சினார்கள். இருவரும் வங்கி வரிசையில் நிற்கிற ஆட்கள் மாதிரி ஒரு வணக்கம் சொன்னார்கள். அதற்குப் பிறகு நிலத்தைப் பார்த்தபடியே ஏறிப் போனார்கள்.

வழிகாட்டி யூர்கன் இரண்டே விசயம் சொல்லியிருந்தான். திசை திருப்புவது பின்னால் இருப்பவரின் வேலை. முன்னால் இருப்பவர் சட்டென்று திரும்பினால் எல்லோருக்கும் குளியல்.

றோசம்மா முன்னால் இருந்தாள். பின்னால் அவளுடைய புருசன் பீலிக்ஸ்.

அவர்களுடைய வள்ளம் செக்குமாடு மாதிரி நின்ற இடத்தையே சுற்றியது. பீலிக்ஸ் காற்றைத் திட்டினார், துடுப்பைத் திட்டினார், இது தன்னால் ஏலாத வேலை என்றார். முதலாவது தீவைத் தாண்டுவதற்குள் மற்றவர்களில் பலர் தூரத்தில் சின்னச் சின்னப் பொட்டாகிவிட்டார்கள். அந்தக் கோடை உலகக்கிண்ண உதைபந்தாட்டக் கோடை. யூர்கனின் வள்ளத்தில் கட்டியிருந்த கொடி மட்டும் பக்கத்திலேயே காவலுக்கு நின்றது.

அப்போதுதான் லவினியாவின் வள்ளம் அவள் கண்ணில் பட்டது.

இரண்டு தீவுகளுக்கு நடுவே, நாணல் உரசாமல், நேராகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு துடுப்பும் ஒன்றாக இறங்கின, ஒன்றாக எழுந்தன. ஒரு சொல் பேசாமல், ஒரே நேரத்தில் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மாறின.

றோசம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. முகம் பார்க்காவிட்டால் என்ன, துடுப்பே பொருத்தம் பார்த்துவிட்டது! பழம் நழுவிப் பாலில் விழுந்ததென்று நெஞ்சில் சிலுவை போட்டாள். கேவலார் திருத்தலத்து மாதாவுக்குத் தன் உயரத்தில் ஒரு மெழுகுதிரி நேர்ந்தாள்.

யூர்கன் அவள் பார்த்த திசையைப் பார்த்துவிட்டு ஆறுதல் சொன்னான். கவலைப்படாதீர்கள், முதல்முறை வருகிறவர்கள் எல்லோரும் உங்களைப் போலத்தான் சுற்றுவார்கள். அந்த இரண்டு பேரையும் மாதிரிப் போவதற்கு, ஒரே ஆளோடு ஒரு முழுக்கோடையாவது துடுப்புப் போட்டிருக்க வேண்டும்.

சொல்லிவிட்டு, அவர்களைக் கூப்பிட்டு நிறுத்தப் போய்விட்டான்.

றோசம்மா துடுப்பை மடியில் வைத்தாள்.

லவினியா சனிக்கிழமை தவறாமல் கோயில் பாட்டுப் பயிற்சிக்குப் போகிறவள். போன கோடை முழுக்க உள்ளங்கை காய்த்து வந்தாள். பாடினால் தொண்டை கட்டும். கை காய்க்குமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாள், தாயும் பிசைந்து பிசைந்து சாப்பிட்டிருக்கிறாள். மக்டலீன் அக்காவின் வாயில் றெக்ஸின் பெயரைப் போட்டதும் இவளைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்?

கோபம் வந்தது. என்னிடம் சொல்லக்கூடாதா என்று அழுகையும் வந்தது. இரண்டுக்கும் அடியில் வெட்கம்கெட்ட சந்தோசம் ஒன்றும் வந்து நின்றது. பிள்ளை இனித் தனி இல்லை.

சரி, போகட்டும். தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளக் கூடாது. நான் தேடிய மாப்பிள்ளை நான் தேடிய மாப்பிள்ளையாகவே இருக்கட்டும் என்று தீர்மானித்து, துடுப்பை மறுபடியும் கையில் எடுத்தாள்.

எடுத்த கை அப்படியே நின்றது. லவினியாவுக்குக் கார் இல்லை. சனிக்கிழமைகளில் அவளைக் கொண்டுபோய் விட்டு, பயிற்சி முடியும்வரை அங்கேயே நின்று கூட்டி வருகிறவர் பீலிக்ஸ்.

திரும்பிப் பார்க்க ஏலாது, வள்ளம் கவிழும். றோசம்மா வள்ளத்தின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முன்னால் கிடந்த தண்ணீரிடம் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, சனிக்கிழமையில பிள்ளையை நீங்கள் எங்கை கொண்டுபோய் விட்டனீங்கள்?"



பின்னால் பீலிக்ஸின் துடுப்பு தண்ணீரில் இறங்கியது. சத்தமில்லாமல் ஒரு இழுப்பு, பிறகு இன்னொன்று. காலையிலிருந்து சுற்றிச் சுற்றி வந்த வள்ளம், நூல் பிடித்த மாதிரி நேராகத் தீவை நோக்கிப் போனது.