இருபது ரூபாய்த் தூக்குவாளி

கிறிஸ்துமஸ் லீவுக்கு இன்னும் இரண்டே நாள். பத்மநாபசுவாமி கோயில் கோட்டைக்குப் பக்கத்தில், நாலாம் கிளாஸ் வரைக்குமான தமிழ் எல்.பி. ஸ்கூலில் பரிசுக் கடை போட்டிருந்தார்கள். வீட்டில் உபயோகிக்காமல் கிடக்கும் நல்ல சாமான்களைப் பெற்றோர் கொடுக்க வேண்டும். எதை எடுத்தாலும் இருபது ரூபாய். பிள்ளைகள் அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் வாங்கிப் பரிசாகக் கொண்டுபோகலாம். சேரும் பணத்தில், பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு பொங்கும் சமையல்புரைக்குக் கூரை மாற்றுவதாக ஏற்பாடு.

கொடுத்தவர்களின் தாராளத்தைக் கேட்க வேண்டுமா? கை ஒடிந்த பொம்மை, ஓடாத கடிகாரம், மூன்று கிரகப்பிரவேசம் பார்த்துவிட்டு வந்த பிளாஸ்டிக் ரோஜாக்கூடை! பத்மப்ரியா மூக்கைச் சுளித்துக்கொண்டே மேசையில் அடுக்கினாள். பெற்றோர் சங்கமான பி.டி.ஏ.வில் அவளும் மெம்பர், கடைப் பொறுப்பு அவளுடையது. அறைச் சாவியும் அவளிடம்தான்.

அந்தக் குப்பையைக்கூடச் சகித்துக்கொள்ளலாம், பி.டி.ஏ. பிரசிடெண்ட் நாகலக்ஷ்மியைத்தான் சகிக்க முடியவில்லை. கொடுத்தது ஒரே ஓர் அட்டைப்பெட்டி. அதன் நாலு பக்கமும் கொட்டை எழுத்தில் தன் பெயரை எழுதி அனுப்பியிருந்தாள்.

"ஜனவரி மீட்டிங்ல மொதல் காரியம், அந்த மாடம்மாளை அனுப்பறதாக்கும்," என்றபடியே நாகலக்ஷ்மி உள்ளே வந்தாள். "திருட்டுக் கையால பொங்கின சோத்தைக் கொழந்தைகள் சாப்பிடறதாவது!"

மாடம்மாள் சமையல்புரையில் உதவிக்கு நிற்பவள். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, அக்கிரகாரத்தில் ஆறு வீட்டுக்குப் பாத்திரம் தேய்த்தவள். மூன்று வருஷத்துக்கு முன், கொலுவுக்குத் தெருவே வந்துபோன மறுநாள், நாகலக்ஷ்மியின் கல்யாணச் சீர் எவர்சில்வர் தூக்குவாளியைக் காணோம். வந்துபோனவர்கள் எல்லாம் பட்டுப்புடவைக்காரிகள். ஆகவே பழி மாடம்மாள் தலையில் விழுந்தது. ஒரே வாரத்தில் ஆறு வீட்டுக் கதவும் சாத்திக்கொண்டன, பத்மப்ரியா வீட்டுக் கதவும் சேர்த்துத்தான். இப்போது அவளுக்கு இருப்பது இந்தப் பள்ளிக்கூடச் சோறு ஒன்றே.

"போறது, பாவம், விட்டுடுங்கோ," என்றாள் பத்மப்ரியா.

"பாவமாவது! வாளியிலயும் மூடியிலயும் எங்கம்மா என் பேரை வெட்டிக் கொடுத்தாளாக்கும். அதையே லவட்டிண்டு போனவளுக்குப் பாவமா?"

மணியடித்தது. பிள்ளைகள் மேசையை மொய்த்தார்கள்.

"பிரசிடெண்டோட பெட்டியை எல்லாரும் பாக்கப் பிரிக்கலாம்," என்று பத்மப்ரியா உரக்கச் சொல்லி, டேப்பைக் கிழித்தாள்.

கடைக்காரன் கொடுத்த காலண்டர்கள் வந்தன. மூக்கு உடைந்த பிளாஸ்க் வந்தது. அடியில், பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஓர் எவர்சில்வர் தூக்குவாளி. முன்வரிசைச் சிறுமி ஒருத்தி பாய்ந்து எடுத்தாள்.

"எங்கம்மாவுக்கு!"

பொதிந்து கொடுக்க வாங்கிய ஹெட்மிஸ்ட்ரஸ் ஷீஜா டீச்சர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"இதில நாகலக்ஷ்மின்னு பேரு வெட்டியிருக்கல்லோ!"

சாயா கொண்டுவந்த மாடம்மாள் தட்டை அப்படியே கீழே வைத்தாள். வாளியை வாங்கி, வெட்டிய எழுத்தின் மேல் கட்டைவிரலை ஓட்டினாள்.

"எனக்கு எழுத்துத் தெரியாது டீச்சரே. பதினோரு வருசம் தேச்ச கைக்குத் தெரியும். இது அந்த வாளிதான்."

நாகலக்ஷ்மி வாளியைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தாள். "இது... இதை நான் வெக்கலை! இதோட மூடி எங்கே?"

"மூடியை மாடம்மாள் முழுங்கியிருப்பா, கேட்டுப் பாருங்கோ," என்றாள் பத்மப்ரியா. "உங்காத்துப் பரண்லயே வாளியை வெச்சுண்டு, ஒருத்தி வயித்துல அடிச்சேளே! உங்க பெட்டி இல்லேன்னும் சொல்ல முடியாது. நாலு பக்கமும் பேர் எழுதியிருக்கே!"

பத்மநாபசுவாமி மேல் சத்தியம் செய்தாள் நாகலக்ஷ்மி. நேற்றுவரை அவள் தும்மினால்கூடத் தலையாட்டியவர்கள் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். சாயங்காலம் ராஜினாமாக் கடிதம் வந்தது. புதிய பிரசிடெண்ட் யார் என்று நான் சொல்லவா வேண்டும்?

பிரசிடெண்ட் பத்மப்ரியாவின் முதல் உத்தரவு, மாடம்மாள் சமையல்புரையிலேயே இருக்கலாம் என்பது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பெருந்தன்மை வழியும்போது யாருக்கு நிறுத்தத் தெரிகிறது? அத்தனை பேர் முன்னாலும் மாடம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைலேருந்து காலம்பற எங்காத்துலயும் வேலைக்கு வந்துடு. நான் உன்னை நம்பறேன்."

டீச்சர்கள் கைதட்டினார்கள். ஒருத்தி கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பத்மப்ரியா ஹால் சோபாவில் சாய்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டு, ஷீஜா டீச்சரோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏழைன்னா திருடியாத்தான் இருக்கணுமா டீச்சர்? எனக்கு அப்பவே மனசு கேக்கலை, கேட்டேளா..." என்றவள், சமையலறைப் பக்கம் திரும்பினாள். "மாடம்மா! பால் காய்ஞ்சு மூடி வெச்சிருக்கு, காபிக்கு எடு!"

உள்ளே மூடியை எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு மாடம்மாளின் குரல், போனில் இருக்கும் டீச்சருக்கும் கேட்கும்படி நிதானமாக வந்தது.

"அம்மா, பால் மேல வச்சிருக்க இந்த நாகலக்ஷ்மியம்மா மூடியத் தேச்சு வைக்கவா, இல்ல வாளிய மாதிரி இதையும் யாரு பெட்டிக்குள்ளயாவது போட்டுரவா?"