தண்ணீர் பேசக் கூடாது

ஆற்றோரம் கிடைத்த பல் தன் மகனுடையதா என்று அறிய, ஆய்வக வாசலில் காத்திருந்தாள் சீனியம்மாள். உள்ளே தில்லைநாயகி, பல்லைப் பொடித்தெடுத்த டி.என்.ஏ. துளியை, ஒன்றை இரண்டாக்கி இரண்டை நான்காக்கும் எந்திரத்தில் வைத்திருந்தாள். டி.என்.ஏ. இருந்தால் குப்பி ஒளிரும். பக்கத்துக் குப்பியில் வெறும் தண்ணீர். அது இருண்டே கிடந்தால்தான் பல் சொல்வது மெய். இரண்டுமே ஒளிர்ந்தன; எங்கிருந்தோ வேறு டி.என்.ஏ. கலந்திருக்கிறது.

“பல்லுலயும் வந்திருக்குல்ல, எழுதிக் குடு. பாவம் அந்தம்மா,” என்றான் கூட வேலை செய்யும் மரியசூசை.

“பாவம்னுதான்யா எழுதல.”

பல்லிலிருந்து எடுத்ததில் மிச்சம் ஒரே துளி. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

“என்ன தாயி சொல்லுது?”

“தண்ணியும் சேந்து பேசுதுக்கா. அது வாய மூடட்டும், மறுபடி கேப்போம்.”

சீனியம்மாள் தலையசைத்து, தன் மடியிலிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியை இறுக்கித் திருகினாள்.