மேலே ஏறாத சட்டைக்கை

அச்சகத்தில் முப்பது பேருக்கும் ஒரே நர்ஸ்தான் தடுப்பூசி போட்டாள். தன்னையும் சேர்த்து அங்கே வேலை செய்யும் மூன்று பெண்களுக்கு மட்டும் தோள் ஏன் இறுகிப்போனது என்று ஷீபாவுக்கு விளங்கவில்லை. லான்மடாவ் வட்டாரத் தொழிலாளர் நல அலுவலகத்தில் அவளுடைய நஷ்டஈட்டு மனுவைத் திருப்பி நீட்டுகிறாள் அதிகாரி இராஜகுமாரி. “ஆம்பளைங்க ஒருத்தருக்கும் நோகலையே! மூணு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்களா? எங்க குத்துனாங்க, காட்டு.” ஷீபா இடது கையால் வலது சட்டைக்கையை மேலே தள்ளுகிறாள். பெண்களுக்கான சீருடையின் ஒடுங்கிய கை முழங்கையோடு நின்றுவிடுகிறது. “ஏறாதுக்கா. ஆம்பளைங்க அரைக்கையைச் சுருட்டிக்கிட்டாங்க. எங்களுக்குக் கழுத்துப் பொத்தானை அவுத்துத்தான் போட்டாங்க.” பொத்தானைக் கழற்றித் துணியை ஒதுக்குகிறாள். ஜன்னல் வெளிச்சத்தில் தோளின் உச்சி எலும்பு மட்டுமே தெரிகிறது; ஊசி குத்திய இடமும் அதுதான். அந்த எலும்பைத் தொட்ட இராஜகுமாரியின் விரல் அப்படியே நின்றுவிடுகிறது. “ஐயோ, மூட்டுக்குள்ளயே எறக்கிட்டாங்களேம்மா!” மின்விசிறிக் காற்றில் மனு படபடக்கிறது. ஈடு கொடுக்கலாம் என்று அதில் எழுதிக் கையெழுத்திடுகிறாள். கீழே இன்னொரு வரி சேர்க்கிறாள்: இனிமேல் கையைச் சட்டையிலிருந்து முழுதாக வெளியே எடுத்த பிறகு, தோள் எலும்புக்கு மூன்று விரல் கீழே, சதையில் ஊசி போடவும்.