பஸ் போகிற தூரம்

நாளையிலிருந்து இந்த பஸ் ஓடாது என்று முன்கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள்.

ஏறுவதற்கு ஆளே இல்லை, அப்புறம் எதற்கு பஸ் என்பது அவர்கள் நியாயம். உண்மைதான், உள்ளே ஈ காக்கா இல்லை. ஜன்னலோரமாக அவள் ஒருத்திதான் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

துணிக்கடையில் பேன்ட் ஓரம் மடித்துத் தைக்கிறவள். தலைவலி என்று கடைக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

அவள் மகனுக்கு நடக்கப் பிடிக்கும். அதுவும் கடலை ஒட்டி. ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், ஏதாவது ஒரு பஸ்ஸைப் பிடித்து ஒரு ஊரில் இறங்குவான். பாறை விளிம்பில் போகிற ஒற்றையடிப் பாதையில் நடந்து, அடுத்த ஊரில் பஸ் ஏறி, இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்து பசி பசி என்று பறப்பான்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனவன் வரவில்லை.

எந்தப் பக்கம் போகிறேன் என்று சொல்லவில்லை. போனைச் சார்ஜில் போட்டவன் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். போலீஸ்காரர்கள் இரண்டு பாதைகளில் தேடினார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள், ஏதாவது தெரிந்தால் சொல்கிறோம் என்றார்கள். கிணற்றில் போட்ட கல்தான்.

அவள் விடவில்லை. பையனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. சைக்கிளில் ஏற்றிவிட்டாலே கை உதறும். கையில் இருந்தது பஸ் பாஸ் மட்டும். அப்படியானால் பஸ் போகாத இடத்துக்கு அவன் போயிருக்க முடியாது. இதைக் கண்டுபிடிக்கப் போலீஸ் எதற்கு, பெற்றவளுக்குத் தெரியாதா?

பஸ்ஸும் போய், கடலும் இருந்து, பாதையும் இருக்கிற இடமாகப் பார்த்துப் பார்த்துப் போனாள். தேய்ந்துபோன முட்டியை வைத்துக்கொண்டு ஏறினாள், இறங்கினாள். விளிம்பில் குப்புறப் படுத்து, கீழே பாறை இடுக்குகளைத் துழாவிப் பார்த்தாள். எதைத் தேடுகிறோம் என்பதை மட்டும் தனக்குள்கூடச் சொல்லிக்கொண்டதில்லை. நீலச் சட்டை என்று நினைத்துக்கொள்வாள். அதற்குமேல் நினைக்க மாட்டாள்.

ஒவ்வொரு பாதையும் முடியும்போது அப்பாடா, இங்கே இல்லை என்று இருக்கும். அடுத்த நிமிஷமே அழுகை முட்டிக்கொண்டு வரும்.

வீட்டுச் சுவரில் ஒட்டிய பஸ் ரூட் படத்தில் பார்த்த பாதையை ஒவ்வொன்றாக அடித்து, இப்படியே கழித்துக் கழித்துக் கடைசியில் ஒரே ஒரு பாதை மிஞ்சியது. இந்த பஸ் போய் நிற்கிற இடத்தில் தொடங்குகிற பாதை.

அங்கே மட்டும் அவள் போகவில்லை. மாதக்கணக்காகப் போகவில்லை. மழை என்றாள், கடையில் வேலை என்றாள், முட்டி வலி என்றாள். எல்லாம் சாக்கு. அதையும் நடந்து பார்த்துவிட்டால் அப்புறம் போவதற்கு இடம் ஏது? பார்க்காத வரைக்கும் அவன் அங்கே இருக்கலாம். காலை உடைத்துக்கொண்டு எந்தப் புண்ணியவான் வீட்டிலாவது படுத்திருக்கலாம். அடிபட்டுத் தன் பெயரையே மறந்திருக்கலாம். நப்பாசைக்குக் கணக்கா வழக்கா?

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அந்த மனுஷனைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மேல். ஒரு நாள்கூடக் கூட வந்ததில்லை. அவள் திரும்பி வரும்போது டிவி முன்னால் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருப்பார். எங்கே போனாய், என்ன பார்த்தாய் என்று ஒரு வார்த்தை? மூச். ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார்.

"பாத்துட்டா மட்டும் என்ன பண்ணப் போற?"

அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாட்டுத் தட்டை ணங்கென்றுதான் வைக்கிறாள். பெற்ற பிள்ளையைத் தலைமுழுகிவிட்ட ஆளுக்கு அது போதும். இன்றும் எங்கேயோ லிஃப்ட் நின்றுவிட்டது என்று விடிவதற்கு முன்பே கிளம்பிப் போய்விட்டார். ஊரில் மாட்டிக்கொண்டவர்களையெல்லாம் வெளியே எடுத்துவிடுவார். சொந்தப் பிள்ளை என்றால் மட்டும் கசக்கும்.

நாளைக்கு பஸ் இல்லை. அவளுக்கும் வண்டி ஓட்டத் தெரியாது. இன்று விட்டால் விட்டதுதான்.

பஸ் நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மா, கடைசி ஸ்டாப்பு. எறங்கலையா?"

எழுந்திருக்கத்தான் நினைத்தாள். கால் வரவில்லை. ஜன்னல் வழியாகப் பாதை தொடங்குகிற இடம் தெரிந்தது. ராத்திரி முழுக்கப் பெய்த மழையில் ஒரே சேறும் சகதியுமாகக் கிடந்தது.

நிறுத்தத்து பெஞ்சிலிருந்து ஓர் ஆள் எழுந்து வந்து பஸ்ஸில் ஏறினார்.

அவள் புருஷன்.

அவளைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டார். இரண்டு பேரும் கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள் மாதிரி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மெல்ல வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"காலையில மொத பஸ்லயே வந்துட்டேன். கடைசி வரைக்கும் நடந்து பாத்துட்டேன். இங்க இல்ல. நீ எறங்க வேணாம்."

சொல்லி முடிப்பதற்குள் அவர் குரல் உடைந்துவிட்டது.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவருடைய ஷூ கண்ணில் பட்டது. ஒரு பொட்டுச் சேறு இல்லை. வீட்டில் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்தது அப்படியே இருந்தது. மனுஷன் காலையிலிருந்து அந்த பெஞ்சைத் தாண்டவே இல்லை.

அவர் கையின்மேல் தன் கையை வைத்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு.

"சரிங்க. நீங்க பாத்துட்டீங்கல்ல. அது போதும்."

டிரைவர் வண்டியைத் திருப்பினார்.